தைராய்டுப் புற்றுநோயும் புரதம் செய்யாத நீள் ஆர்.என்.ஏ.க்களும்

கழுத்தின் முன்புறம் ஒரு சிறு கட்டி கையில் தட்டுப்படுகிறது. மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியைச் செருகிச் சில செல்களை உறிஞ்சி எடுக்கிறார். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எஃப்.என்.ஏ.சி. என்று எல்லா மருத்துவமனைகளிலும் அழைக்கப்படும் இந்தப் பரிசோதனை பெரும்பாலான தைராய்டுக் கட்டிகளுக்குத் தெளிவான விடை தந்துவிடும். பாப்பிலரி வகைப் புற்று என்றால் செல்லின் உட்கருவே காட்டிக்கொடுத்துவிடும்: உட்கரு பெருத்து, வெளிறி, காப்பிக்கொட்டையின் நடுவில் ஓடும் பிளவைப் போன்ற ஒரு கோட்டுடன் இருக்கும். ஃபாலிகுலர் வகைக் கட்டிகளில்தான் சிக்கல் எழுகிறது. அங்கே தீங்கற்ற கட்டியின் செல்களும் புற்றுக்கட்டியின் செல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டி தன்னைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்திருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம். ஊசி வழியே வந்த நாலைந்து செல்கூட்டங்கள் அந்த உறையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கும் பெதெஸ்தா முறையில் மூன்றாம், நான்காம் வகுப்புகள் இப்படித் தீர்மானிக்க முடியாதவற்றுக்கானவை. இந்த வகுப்புகளில் வரும் நோயாளிகளில் பலருக்கு, நோய் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காகவே தைராய்டின் ஒரு பாதியை அறுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்தவற்றில் பெரும்பான்மையானவை தீங்கற்றவை என்று பின்னர் தெரியவருகிறது. தென்கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், பலர் அதனோடு சேர்த்துத் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைவாக, 2011இல் அந்நாட்டில் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோயின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காக உயர்ந்தது. அந்நோயால் இறப்போரின் விகிதமோ மாறவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, விட்டிருந்தால் ஆயுள் முழுவதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு பாப்பிலரி கட்டிகள் என்பதே இதன் பொருள். மறுமுனையில் அனபிளாஸ்டிக் வகை இருக்கிறது. தைராய்டுப் புற்றுகளில் இது நூற்றில் ஒன்று இரண்டு மட்டுமே. ஆனால் கண்டறியப்பட்ட சில மாதங்களிலேயே பெரும்பாலோரின் உயிரைப் பறித்துவிடும்.

ஒரே சுரப்பியில், பல சமயம் ஒரே வகைச் செல்லிலிருந்து, இவ்வளவு சோம்பலான நோயும் இவ்வளவு கொடிய நோயும் எப்படித் தோன்றுகின்றன? இரண்டையும் முன்கூட்டியே பிரித்தறிய வழி உண்டா? புரதம் செய்யாத நீள் ஆர்.என்.ஏ.க்கள் தைராய்டு ஆய்வுக்குள் நுழைந்தது இந்தக் கேள்விகளின் வழியாகத்தான்.

மனித மரபணுத் தொகுதியின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில், அதாவது டி.என்.ஏ.வின் வேதி அலகுகளில், புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கியிருப்பவை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. நெடுங்காலம் எஞ்சிய பகுதி வெற்றிடம் என்று எண்ணப்பட்டது. ஆனால் அந்தப் பகுதிகளிலிருந்தும் செல் ஏராளமான ஆர்.என்.ஏ. பிரதிகளை, அதாவது டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதன் நகல்களை, எடுக்கிறது. அவற்றுள் 200 எழுத்துகளுக்கு மேல் நீளமுள்ளவற்றை நீள் குறிமுறையற்ற ஆர்.என்.ஏ.க்கள் என்கிறோம், இக்கட்டுரையில் சுருக்கமாக நீள் ஆர்.என்.ஏ. என்றே குறிப்பிடுகிறேன். 200 என்ற எல்லை ஆய்வக வசதிக்காக வகுத்துக்கொண்டதுதான். அண்மையில் சில ஆய்வாளர்கள் அதை 500 ஆக உயர்த்த வேண்டும் என்று முன்மொழிந்திருக்கிறார்கள். புரதத்துக்கான மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுக்கும் அதே நொதிதான் இவற்றில் பெரும்பாலானவற்றையும் எடுக்கிறது. முனைகளில் தொப்பியும் வாலும் சேர்க்கப்படுவதும் அதேபோலத்தான். ஆனால் செல்லில் புரதம் செய்யும் கூடமான ரைபோசோம் அவற்றைப் படித்துப் புரதமாக்குவதில்லை. ஆர்.என்.ஏ.வாகவே இருந்து வேலை பார்க்கின்றன.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஹோட்டேர். 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட இது, 12ஆம் குரோமோசோமில் உருவாகி, 2ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கூட்டத்தை அடக்கிவைக்கிறது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்களின்மேல் வேதிக் குறிகள் இட்டு மரபணுக்களைப் பூட்டிவைக்கும் பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டமைப்புக்கு அது வழிகாட்டியாக இருப்பதாக அந்த ஆய்வு விளக்கியது. வேறு சில நீள் ஆர்.என்.ஏ.க்கள் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அதை அதன் இடத்திலிருந்து விலக்கி நிறுத்துகின்றன. இன்னும் சில, பக்கத்து மரபணுவின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. புரதங்களைப் போலன்றி, இவற்றில் பல ஒரு குறிப்பிட்ட திசுவில் மட்டுமே உருவாகும் இயல்புடையவை. நோயறியும் கருவியாக இவற்றின்மேல் எழுந்த நம்பிக்கைக்கு இந்த இயல்பே அடித்தளம்.

தைராய்டில் இந்தக் கதை ஐஸ்லாந்திலிருந்து தொடங்குகிறது. 2009இல் ஐஸ்லாந்து மக்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு, தைராய்டுப் புற்று வந்தவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படும் இரண்டு ஓரெழுத்து மாறுபாடுகளைக் கண்டுபிடித்தது. ஒன்று 9ஆம் குரோமோசோமில் ஃபாக்ஸ்இ1 என்ற மரபணுவின் அருகில் இருந்தது. மற்றது 14ஆம் குரோமோசோமில் என்.கே.எக்ஸ்.2-1 என்ற மரபணுவின் அருகில் இருந்தது. இவ்விரு மரபணுக்களும் கருவில் தைராய்டு சுரப்பி உருவாவதற்கே இன்றியமையாதவை. இரண்டு இடங்களிலும், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளும் பாதகமான எழுத்தாக அமைந்தவர்கள், ஆய்வுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 3.7 விழுக்காட்டினர். இந்த மாறுபாடுகள் அறவே இல்லாதவர்களோடு ஒப்பிட, அவர்களுக்குத் தைராய்டுப் புற்று வரும் வாய்ப்பு 5.7 மடங்கு என்று கணக்கிடப்பட்டது. தைராய்டுப் புற்று அரிதான நோய் என்பதால் இந்த மடங்குக் கணக்கைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஐரோப்பிய மக்களிடம் கணக்கிட்ட எண்ணை அப்படியே நம் மக்களுக்குப் பொருத்துவதும் முறையாகாது.

அந்த இரண்டு மாறுபாடுகளும் எந்தப் புரதத்துக்கான குறிப்பிலும் விழவில்லை என்பதுதான் ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது. மரபணுக்களுக்கு நடுவிலிருந்த அந்த வெற்றுவெளியில் ஓர் எழுத்து மாறினால் புற்று ஏன் வரவேண்டும்? ஃபின்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் டி லா ஷபெல்லின் குழு இதற்கு விடை தேடி இறங்கியது. 14ஆம் குரோமோசோமில் அந்த மாறுபாட்டிலிருந்து வெறும் 3,200 எழுத்துகள் தள்ளி, அதுவரை யாரும் விவரிக்காத ஒரு நீள் ஆர்.என்.ஏ. மரபணு இருப்பதை 2012இல் அவர்கள் அறிவித்தார்கள். அதற்குப் பி.டி.சி.எஸ்.சி.3 என்று பெயரிட்டார்கள். பாப்பிலரி தைராய்டுப் புற்றுக்கு ஆளாகும் இயல்போடு தொடர்புடைய மூன்றாவது மரபணு என்பது பெயரின் பொருள். அது உருவாவது தைராய்டு திசுவில் மட்டுமே.

இந்த ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். இத்துறையில் ஒரு வாதம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. பாப்பிலரி புற்று வந்த 46 பேரின் கட்டித் திசுவில் பி.டி.சி.எஸ்.சி.3 கடுமையாகக் குறைந்திருந்தது. பாதகமான எழுத்தை இரு பிரதிகளிலும் கொண்டவர்களிடம் இந்தக் குறைவு மிகுதியாக இருந்தது. அந்த எழுத்து இருக்கும் இடம், சி.இ.பி.பி. குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு புரதங்கள் வந்து அமர்ந்து மரபணுவை முடுக்கிவிடும் இருக்கை. எழுத்து மாறியபோது அந்த முடுக்கம் தளர்ந்தது. கடைசியாக, இந்த ஆர்.என்.ஏ.வை இழந்திருந்த புற்றுச் செல்களுக்குள் அதை மீண்டும் கொண்டுசேர்த்தபோது அவற்றின் வளர்ச்சி மட்டுப்பட்டது. பரம்பரையாக வரும் ஓர் எழுத்து, அது குலைக்கும் ஓர் இருக்கை, அதனால் குறையும் ஓர் ஆர்.என்.ஏ., அது குறைவதால் பெருகும் செல் என்று ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. செல்கள் இடம்விட்டு நகர்வதோடு தொடர்புடைய எஸ்100ஏ4 என்ற மரபணுவின் அளவை அது கட்டுப்படுத்துவதாக அதே குழு பின்னர் காட்டியது.

ஆனால் அந்த 46 பேரின் ஆய்விலேயே ஒரு முரண் இருக்கிறது. கட்டியை ஒட்டியிருந்த நோயற்ற தைராய்டு திசுவில், பாதகமான எழுத்தை இரட்டையாகக் கொண்டவர்களுக்குப் பி.டி.சி.எஸ்.சி.3 கூடுதலாக இருந்தது. கட்டியில் குறைவதும் அருகில் கூடுவதும் ஒரே எழுத்தின் விளைவு என்றால், நடுவில் வேறு ஏதோ குறுக்கிடுகிறது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதியது இந்த ஆய்வின்மேல் எனக்கிருக்கும் மதிப்பைக் கூட்டவே செய்கிறது.

9ஆம் குரோமோசோமின் கதை இதைவிடச் சிக்கலானது. அங்கே அதே குழு 2015இல் பி.டி.சி.எஸ்.சி.2 என்ற இன்னொரு நீள் ஆர்.என்.ஏ.வை விவரித்தது. அதுவும் ஃபாக்ஸ்இ1 மரபணுவும் முதுகோடு முதுகு சாய்ந்த இரு வீடுகளுக்கு ஒரே வாசல் அமைந்ததுபோல, இருபுறமும் இயங்கும் ஒரே தொடக்கப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வாசலில் எம்.ஒய்.எச்.9 என்ற புரதம் அமர்ந்து இயக்கத்தை அடக்குகிறது என்று 2017இல் காட்டினார்கள். இது செல்லின் அசைவுக்குப் பயன்படும் மயோசின் வகைப் புரதம் என்பதால், அது மரபணுவின் வாசலில் காணப்பட்டதே வியப்பு. பி.டி.சி.எஸ்.சி.2 அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்போது அடக்குமுறை தளர்கிறது. இங்கே நீள் ஆர்.என்.ஏ.வின் வேலை, தன் பக்கத்து வீட்டு மரபணுவின் தாழ்ப்பாளைத் திறந்துவைப்பது.

9ஆம் குரோமோசோமின் இந்த இடத்துக்கு வேறொரு சாட்சியும் உண்டு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் தைராய்டுப் புற்று பெருகியது. பெலாரூஸைச் சேர்ந்த அப்படிப்பட்ட நோயாளிகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்விலும் ஃபாக்ஸ்இ1 அருகிலுள்ள அதே மாறுபாடு முன்னால் வந்து நின்றது. 14ஆம் குரோமோசோமின் மாறுபாடு அங்கே தென்படவில்லை. ஐஸ்லாந்திலும் பெலாரூஸிலும், கதிர்வீச்சு இல்லாத நோயிலும் கதிர்வீச்சால் வந்த நோயிலும் ஒரே இடம் சுட்டப்படுவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

பரம்பரையாக வரும் மாறுபாடுகள் ஒருபுறமிருக்க, கட்டிக்குள் புதிதாக நேரும் பிறழ்வுகள்தான் நோயை நேரடியாக ஓட்டுபவை. 2014இல் வெளிவந்த புற்று மரபணுத் தொகுதி வரைபடத் திட்டம் 496 பாப்பிலரி கட்டிகளை ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டில் பி.ராஃப் என்ற மரபணுவில் ஒரே இடத்தில் பிறழ்வு இருந்தது. இந்தப் பிறழ்வு செல்லைப் பெருகச் சொல்லும் எம்.ஏ.பி. கைனேஸ் சமிக்ஞையை அணையாத அடுப்பாக எரியவிடுகிறது. இந்தச் சமிக்ஞையோடு இணைந்து ஏறி இறங்கும் நீள் ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. 2007இலேயே விவரிக்கப்பட்ட நாமா அவற்றுள் முன்னோடி. பி.ராஃப் பிறழ்வுள்ள பாப்பிலரி கட்டிகளில் அது குறைந்திருக்கிறது. செல்லின் வளர்ச்சி நிறுத்தப்படும்போதும் டி.என்.ஏ. சேதமடையும்போதும் அது உயர்கிறது. தைராய்டில் நீள் ஆர்.என்.ஏ. என்ற பேச்சே அரிதாக இருந்த காலத்தில் வந்த அந்த ஆய்வு, அதற்குரிய கவனத்தைப் பெறாமல் போனது வருத்தத்துக்குரியது.

பேன்சர் என்ற நீள் ஆர்.என்.ஏ.வின் வரலாறு வேறு வகையானது. 2012இல் மெலனோமா எனும் தோல் புற்றில், பிறழ்ந்த பி.ராஃப் தூண்டிவிடும் ஆர்.என்.ஏ.வாக அது அறிமுகமானது. பி.ராஃப் பிறழ்வு மிகுந்த தைராய்டுக்கும் அது பொருந்தும் என்று எண்ணியதில் தவறில்லை. 2014இல் ஓர் ஆய்வு, பாப்பிலரி கட்டியில் பேன்சர் கூடியிருக்கிறது என்றும் அது செல் பெருக்கத்தை ஊக்குவிக்கிறது என்றும் சொன்னது. 2017இல் வந்த வேறோர் ஆய்வு, அதே பாப்பிலரி கட்டியில் அது குறைந்திருக்கிறது என்றும் அது கட்டியை அடக்கும் மரபணு என்றும் சொன்னது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது கடினம். எடுத்த திசுவில் புற்றுச் செல்கள் எவ்வளவு, தைராய்டு அழற்சியால் வந்து குவிந்த வெள்ளணுக்கள் எவ்வளவு, ஒப்பிட்ட நோயற்ற திசு கட்டிக்கு எவ்வளவு அருகிலிருந்து வெட்டப்பட்டது என்பவற்றைப் பொறுத்து விடை தலைகீழாக மாறக்கூடும்.

இத்துறையில் இன்று வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நீள் ஆர்.என்.ஏ. கட்டியில் கூடியிருக்கிறது என்று காட்டுவார்கள். அதை ஆய்வகத்தில் வளரும் செல்களில் குறைத்தால் வளர்ச்சி தளர்கிறது என்பார்கள். அது, மரபணுக்களை அடக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்களான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏதோ ஒன்றைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்வதால், அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. அடக்கிவந்த மரபணு விடுபடுகிறது என்று முடிப்பார்கள். 2011இல் முன்வைக்கப்பட்ட இந்தப் பஞ்சுக் கருதுகோள் அழகானதுதான். ஆனால் எண்ணிக்கை அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றக்கூடிய இடங்கள் ஒரு செல்லுக்குள் மிக ஏராளம், நீள் ஆர்.என்.ஏ.க்களில் பலவோ செல்லுக்குச் சில பிரதிகளே இருப்பவை. கல்லீரல் செல்களில் இதை எண்ணிப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, வழக்கமான ஏற்ற இறக்கங்களால் இப்படி உறிஞ்சிவிட முடியாது என்ற முடிவுக்கே வந்தது. எத்தனை பிரதிகள் என்று எண்ணாமல் பஞ்சு என்று சொல்லும் கட்டுரையை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களைப் பற்றி இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள், உலகெங்கும் தைராய்டுப் புற்றுச் செல்கள் என்று பயன்படுத்தப்பட்டுவந்த, ஒரு கட்டியிலிருந்து எடுத்துத் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் 40 செல் வரிசைகளின் டி.என்.ஏ. அடையாளத்தைச் சரிபார்த்தார்கள். தனித்த அடையாளம் கொண்டவை 23 மட்டுமே. மற்றவை ஒன்றோடொன்று கலந்தவை, அல்லது தைராய்டே அல்லாதவை. ஏ.ஆர்.ஓ. என்ற பெயரில் அனபிளாஸ்டிக் புற்றுக்கு நிகராகப் பயன்பட்ட செல்கள் உண்மையில் பெருங்குடல் புற்றுச் செல்கள். பாப்பிலரி புற்றுக்கெனப் பயன்பட்ட என்.பி.ஏ. செல்கள் மெலனோமாவைச் சேர்ந்தவை. இவ்விரண்டிலும் பி.ராஃப் பிறழ்வு இருந்தது. தைராய்டுப் புற்றில் எதிர்பார்க்கும் அதே பிறழ்வு இருந்ததால்தான் பல்லாண்டுகள் யாருக்கும் ஐயம் எழவில்லை போலும். புரதங்களைப் பொறுத்தவரை இந்தத் தவறைக் கொஞ்சமேனும் பொறுத்துக்கொள்ளலாம். திசுவுக்குத் திசு மாறுபடுவதையே தனி இயல்பாகக் கொண்ட நீள் ஆர்.என்.ஏ.க்களைத் தவறான திசுவின் செல்லில் வைத்து ஆராய்ந்தால் கிடைப்பதில் ஒன்றையும் தைராய்டுக்குப் பொருத்த முடியாது. ஒஹையோ குழு பயன்படுத்திய டி.பி.சி.1 என்பது இந்தச் சரிபார்ப்பில் தேறிய வரிசைகளுள் ஒன்று.

நுரையீரல் புற்றில் 2003இல் கண்டறியப்பட்ட மலாட்1 இன்னோர் எச்சரிக்கையைத் தருகிறது. பாப்பிலரி கட்டிகளில் அது நோயற்ற திசுவைவிடக் கூடியிருப்பதாகவும், நோய் முற்றிய அனபிளாஸ்டிக் கட்டிகளிலோ மீண்டும் தணிந்திருப்பதாகவும் 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. கொடுமை கூடக் கூட அளவும் கூடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம். எலிகளின் மார்பகப் புற்றில் மலாட்1 பரவலைத் தூண்டுகிறது என்று முதலில் காட்டப்பட்டு, 2018இல் வேறு முறையில் செய்த ஆய்வில் அது பரவலைத் தடுக்கிறது என்று காட்டப்பட்டது. மரபணுவின் டி.என்.ஏ.வையே வெட்டியெடுத்தால் அதோடு சேர்ந்து அங்குள்ள வேறு கட்டுப்பாட்டு இடங்களும் போய்விடும், ஆர்.என்.ஏ.வை மட்டும் நிறுத்தும்போது கிடைக்கும் விடை வேறாகலாம். நீள் ஆர்.என்.ஏ. ஆய்வில் எந்தக் கத்தியால் வெட்டினார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

மருத்துவப் பயனைப் பொறுத்தவரை, நீள் ஆர்.என்.ஏ. ஒன்றை அளந்து புற்றை அறிவது நடைமுறைக்கு வந்த செயல்தான். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றில் மிகுந்திருக்கும் பி.சி.ஏ.3 என்ற நீள் ஆர்.என்.ஏ.வைச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் ஒப்புதல் அளித்தது. தைராய்டில் அதற்கு நிகரான தனி நீள் ஆர்.என்.ஏ. பரிசோதனை எதுவும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் அதற்கான வாசல் திறந்தே இருக்கிறது. தீர்மானிக்க முடியாத கட்டிகளுக்காக இன்று மேலைநாடுகளில் பயன்படும் சில மூலக்கூறுப் பரிசோதனைகள், ஊசியில் எடுத்த செல்களின் ஆர்.என்.ஏ.வைத்தான் வரிசைப்படுத்துகின்றன. அதே துளியில் பி.டி.சி.எஸ்.சி. குடும்ப ஆர்.என்.ஏ.க்களையும் படிக்கத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. அவை புதிதாக எதையேனும் சொல்கின்றனவா, அல்லது பி.ராஃப் பிறழ்வு ஏற்கெனவே சொல்வதையே திருப்பிச் சொல்கின்றனவா என்பதுதான் சோதிக்கப்பட வேண்டியது. பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய கட்டிகளில், விடையை மறைத்துவைத்துச் செய்யும் ஒப்பீடு ஒன்றே இதைத் தீர்க்கும்.

சிகிச்சை இன்னும் தொலைவில் இருக்கிறது. 1946 முதல் தைராய்டுப் புற்றுக்குக் கைகொடுத்துவரும் கதிரியக்க அயோடின், செல் அயோடினை உள்ளிழுக்கும்வரைதான் பயன்படும். நோய் முற்றிய செல்கள் அந்த இயல்பை இழந்துவிடுகின்றன. எம்.ஏ.பி. கைனேஸ் சமிக்ஞையை மருந்தால் தணித்தால் சிலரிடம் அந்த இயல்பு மீள்கிறது என்று 2013இல் 20 நோயாளிகளிடம் செய்த சோதனை காட்டியது. பி.ராஃப் பிறழ்வுள்ள அனபிளாஸ்டிக் புற்றுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் கிடைத்தது. இவற்றின் வரிசையில் நீள் ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் மருந்தும் ஒருநாள் சேரலாம். ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதன் போக்கை மாற்றும் எதிர்வரிசை மருந்துகள் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016 முதலே கொடுக்கப்படுகின்றன. அத்தகைய மருந்துகள் மிகுந்துவிட்ட ஓர் ஆர்.என்.ஏ.வை ஒழித்துக்கட்ட ஏற்றவை. தைராய்டில் வலுவான சான்று பெற்ற இரண்டு நீள் ஆர்.என்.ஏ.க்களான பி.டி.சி.எஸ்.சி.2, பி.டி.சி.எஸ்.சி.3 ஆகியவையோ புற்றில் குறைந்துபோகிறவை. குறைந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுவும் கழுத்தை விட்டு நுரையீரலுக்கும் எலும்புக்கும் சிதறிவிட்ட ஒவ்வொரு புற்றுச் செல்லுக்குள்ளும், அதன் உட்கரு வரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.